எஃப்9 அழுத்தத் தெரிந்த பிள்ளைகள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவு வாசியுங்கள். வீட்டில் உயர்தரம் முடித்துவிட்டு கைத்தொலைபேசியோடு இருக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையிடமும் கொடுங்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் என்னிடம் கணிதம் படித்த பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். தோளில் பழைய லப்டொப், முகத்தில் களை இல்லை. வளைகுடாக் கம்பெனி ஒன்றின் நேர்முகத் தேர்வு வீடியோ அழைப்பில் நடந்ததாம். வேலை, திட்ட அட்டவணை போடும் பிளானிங் உதவியாளர். பிரைமவேரா தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று திரையைப் பகிர்ந்து ஒரு முழு அட்டவணையையே ஓட்டிக் காட்டியிருக்கிறான். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு எல்லாம் வந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்.

"இந்த வேலைக்கு ரோட்டல் ஃபுளோட் ஒரு எண், ஃப்ரீ ஃபுளோட் வேறு எண். ஏன் வேறு வேறு? கடதாசியில் போட்டுக் காட்டு."

"நீ என்னப்பா சொன்னனீ?" என்று கேட்டேன்.

"எஃப்9 அடிச்சால் வரும் எண்டு சொன்னன் சேர்."

அந்தப் பக்கம் ஒருவர் சிரித்திருக்கிறார். அழைப்பு முடிந்துவிட்டது.

இவன் சோம்பேறி இல்லை. எட்டு மாதம், டேட்டா மலிவாகக் கிடைக்கும் நள்ளிரவில் எழும்பி இருந்து, பாதி ஹிந்தி பாதி ஆங்கிலம் கலந்த வீடியோக்களைப் பார்த்து, எந்த மெனுவில் எது இருக்கிறது என்று ஒரு கொப்பி நிறைய எழுதியவன். அந்தக் கொப்பியை நான் புரட்டிப் பார்த்தேன். அழகான எழுத்து. "இங்கே வலது கிளிக்", "இதில் டிக் போடு", "பிறகு எஃப்9". நூற்றுச் சொச்சம் பக்கம். அதில் ஒரு கூட்டல் கூட இல்லை, ஒரு கழித்தல் கூட இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவனோடு அல்ல.

---

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடியோ பார்த்துப் படிப்பவனைக் கேலி செய்யும் கூட்டத்தில் நான் இல்லை. "யூரியூப் எஞ்சினியர்" என்று நக்கலடிக்கும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அதற்கு என் சொந்தக் காரணம் இருக்கிறது.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். உம்மா தம்பியைத் தூக்கினா, வாப்பா ஒரு பையைத் தூக்கினார். என் பாடப்புத்தகங்கள் மேசையிலேயே கிடந்தன. அதற்குப் பிறகு புத்தளத்தில் முகாம் வாழ்க்கை. கிடுகுக் கொட்டிலில் வகுப்பு, பல பேருக்கு ஒரு புத்தகம். இரவில் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதித்தான் படித்தேன். அந்த நாளில் ஒரு வீடியோ இருந்திருந்தால், ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தர ஒரு குரல் இருந்திருந்தால், நான் அதை நெஞ்சோடு அணைத்திருப்பேன்.

ஆனால் அந்த முகாமில் ஒரு கணித ஆசிரியர் இருந்தார். ஒரு நாள் என் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "விடையைக் கொப்பி அடிச்சிருக்கிறாய். செய்கை எங்கே?" எண்ணெய் மிச்சம் பிடிக்க நான் விடைகளை மட்டும் எழுதியிருந்தேன். "செய்கை இல்லாத விடை உன்னுடையது இல்லை மகன்" என்றார். முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கு என் மாணவனின் கொப்பியில் நான் கண்டது அதே தவறு.

வித்தியாசம் என்னவென்றால், அன்றைக்கு எண்ணெய் இல்லாததால் நானே செய்கையை விட்டேன். இன்றைக்கு இந்தப் பிள்ளைக்குச் செய்கை என்று ஒன்று இருக்கிறது என்றே யாரும் சொல்லவில்லை.

---

அன்று பின்னேரம் அவனை விறாந்தையில் இருத்தி, லப்டொப்பை மூடச் சொன்னேன். ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். வீட்டோடு சேர்த்து ஒரு அறை கட்டுவதாக வைத்துக்கொள்வோம் என்றேன். நீங்களும் ஒரு பென்சில் எடுங்கள்.

அத்திவாரம் 6 நாள். அது முடிந்த பிறகு சுவர் 8 நாள். சுவர் முடிந்த பிறகு கூரை 5 நாள். கதவு ஜன்னல் செய்யப் பட்டறைக்கு முதல் நாளே ஓடர் கொடுக்கலாம், அதற்கு 9 நாள். சுவரும் எழும்பி, கதவு ஜன்னலும் வந்தால் அவற்றைப் பொருத்த 2 நாள். கூரையும் முடிந்து பொருத்துவதும் முடிந்தால் பூச்சு 6 நாள். கடைசியாக வர்ணம் 3 நாள்.

முன்னால் கூட்டிக்கொண்டு போங்கள். அத்திவாரம் 6 இல் முடியும். சுவர் 14 இல். கூரை 19 இல். பட்டறை வேலை 9 இல் முடிந்தாலும் சுவருக்காகக் காத்திருக்க வேண்டும், ஆகவே பொருத்துவது 14 இல் தொடங்கி 16 இல் முடியும். பூச்சு 19 இல் தொடங்கி 25. வர்ணம் 28. மொத்தம் 28 நாள்.

இப்போது கடைசியில் இருந்து பின்னால் கழித்துக்கொண்டு வாருங்கள். பூச்சு 19 இல் தொடங்க வேண்டும் என்றால் பொருத்துவது 19 இல் முடிந்தால் போதும், அதாவது 17 இல் தொடங்கினால் போதும். அப்படியென்றால் பட்டறைக்காரர் 17 வரை இழுத்தடிக்கலாம். அவர் 9 இல் முடிக்கக்கூடியவர். 17 இலிருந்து 9 போனால் 8. வீடு முடியும் நாள் பிந்தாமல் அவருக்கு 8 நாள் இளக்கம் இருக்கிறது. இதுதான் ரோட்டல் ஃபுளோட்.

ஆனால் அவர் அந்த 8 நாளையும் தின்றால், பொருத்துகிறவருக்கு 14 இல் தொடங்க முடியாது. அவருக்கிருந்த 3 நாள் இளக்கம் போய்விடும். அடுத்தவருக்குக் கரைச்சல் கொடுக்காமல் பட்டறைக்காரர் பிந்தக்கூடியது 14 இலிருந்து 9 போக, 5 நாள்தான். இதுதான் ஃப்ரீ ஃபுளோட்.

எட்டும் ஐந்தும். இரண்டும் ஏன் வேறு என்பது விளங்குகிறதா? ஒன்று திட்டத்தின் இளக்கம். மற்றது அடுத்தவனைத் தொடாத இளக்கம்.

அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு, வர்ணம் ஐந்துக்கும் இளக்கம் பூச்சியம். அதில் எங்கே ஒரு நாள் பிந்தினாலும் வீடு ஒரு நாள் பிந்தும். திரையில் சிவப்பாக வருகிற கிரிட்டிக்கல் பாத் அதுதான்.

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "சேர், இவ்வளவு தானா? ஏன் ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை?"

மணிக்கூட்டைப் பார்த்தேன். முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. எட்டு மாத இரவுகளில் கிடைக்காதது அது. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த கூட்டலும் கழித்தலும்தான்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1957 இல் அமெரிக்காவின் டூபொன்ட் கம்பெனியின் மோர்கன் வோக்கரும், ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் இந்த முறையை உருவாக்கினார்கள். பெரிய தொழிற்சாலைகளைக் கட்டுவதற்கும் திருத்துவதற்கும், யூனிவாக் என்ற பென்னாம்பெரிய கணினியில் ஓட்டுவதற்கு. அடுத்த வருடமே அமெரிக்கக் கடற்படை தன் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த பேர்ட் முறையைக் கொண்டுவந்தது. பிரைமவேரா கம்பெனி பிறந்தது 1983 இல்தான். கணக்கு முதலில் வந்தது, பட்டன் பிறகு வந்தது. நாங்கள் பிள்ளைகளுக்குப் பட்டனை மட்டும் காட்டிவிட்டு நிறுத்துகிறோம்.

---

"சரி சேர், வேலைத்தளத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டா இருக்கிறார்கள்? இரண்டாயிரம் வேலை உள்ள திட்டத்தைக் கடதாசியில் போட முடியுமா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். முடியாது. அதற்குத்தான் மென்பொருள். நான் மென்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்குத் தெரியாதவன் கையில் அது பிழையை மறைக்கும் என்று சொல்கிறேன்.

ஒரு உதாரணம். எம்.எஸ். புரொஜெக்டில் ஒரு வேலையின் தொடக்கத் திகதிப் பெட்டியில் நீங்களே ஒரு திகதியை அடித்தால் என்ன நடக்கும்? மென்பொருள் அந்த வேலைக்கு "இந்தத் திகதிக்கு முன் தொடங்காதே" என்று ஒரு கட்டுப்பாட்டைத் தானாகப் போட்டுவிடும். பார்க்க அட்டவணை அழகாக இருக்கும். பிறகு முன்னுள்ள வேலை ஐந்து நாள் முந்தி முடிந்தாலும் இது அசையாது. திகதிகளைக் கையால் நிரப்பி "ஐந்து நிமிடத்தில் அட்டவணை" என்று காட்டும் வீடியோக்களை நானே இருந்து பார்த்தேன். அது அட்டவணை இல்லை, கலர் அடித்த கலண்டர்.

கலண்டர் என்றதும் இன்னொன்று. எம்.எஸ். புரொஜெக்டைத் திறந்தால் திங்கள் முதல் வெள்ளி, ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம் என்றுதான் இருக்கும். வீடியோவும் அதை மாற்றாமலே ஓடும். கத்தாரில் வெள்ளி விடுமுறை. அங்கே ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வெளிவேலை செய்விக்கத் தடை. நோன்பு மாதத்தில் வேலை நேரம் குறையும். எங்கள் ஊரில் ஐப்பசி கார்த்திகை மழையில் அத்திவாரக் கிடங்கு குளமாகும். இதையெல்லாம் கலண்டரில் ஏற்றாதவனுடைய 28 நாள் யாருடைய 28 நாள்?

கட்டிடக் கணக்குக்கு வாருங்கள். இங்கேதான் பயம். அட்டவணை பிழைத்தால் நாள் போகும். பீம் பிழைத்தால் ஆள் போகும்.

இந்திய வீடியோக்களில் ஈடாப்ஸ் சொல்லித்தருபவர்கள் தங்கள் நாட்டு ஐ.எஸ். 456 விதிப்படி சொல்லித்தருகிறார்கள். அது அவர்களுடைய பிழை இல்லை. எங்கள் நாட்டில் நெடுங்காலம் பாவித்தது பிரித்தானியாவின் பி.எஸ். 8110, இப்போது யூரோகோட் பக்கம் போகிறோம். நிலைச்சுமை 5, அசையும் சுமை 2 என்று வையுங்கள். பி.எஸ். முறையில் 1.4 ஆலும் 1.6 ஆலும் தனித்தனியே பெருக்கிக் கூட்ட வேண்டும்: 10.2. ஐ.எஸ். முறையில் இரண்டையும் கூட்டி 1.5 ஆல் பெருக்க வேண்டும்: 10.5. இதில் எது நல்லது என்பதல்ல கேள்வி. நீ எதைப் போட்டாய் என்று உனக்குத் தெரியுமா? ஒரு விதியில் பாதியும் மற்ற விதியில் பாதியும் கலந்தால் அது எந்த நாட்டுக் கட்டிடம்?

அதே 10.2 ஐ எடுங்கள். மீற்றருக்கு 10.2 கிலோநியூட்டன், 4 மீற்றர் நீளப் பீம், இரண்டு முனையிலும் சும்மா தாங்கியிருக்கிறது. சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8 ஆல் பிரித்தால் நடுவில் வளைவுத் திருப்பம் 20.4 கிலோநியூட்டன் மீற்றர். அரை நிமிட வேலை. திரையில் 204 என்று வந்தால் எங்கேயோ அலகு பிழைத்திருக்கிறது என்று உடனே பிடிக்கலாம். அந்த அரை நிமிடக் கணக்குத் தெரியாதவனுக்கு 204 உம் ஒன்றுதான், 20.4 உம் ஒன்றுதான். இணையத்தில் இறக்கிய எக்செல் தாளில் பச்சை நிறத்தில் "ஓகே" வந்தால் கம்பியை வெட்டச் சொல்லிவிடுவான்.

"பெரிய கம்பெனிகளில் இப்படி நடக்காது" என்று நினைக்காதீர்கள். 1991 ஓகஸ்ட் 23 அன்று நோர்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எரிவாயு மேடையின் கொங்கிறீற்று அடித்தளம், கடலில் தாழ்த்திச் சோதிக்கும்போது சுவர் வெடித்து அப்படியே மூழ்கியது. இழப்பு சுமார் 70 கோடி டொலர். காரணம் என்ன? கணினியில் பகுப்பாய்வு செய்தபோது அந்தச் சுவர் மூலையைச் சரியாகக் கூறுபோடவில்லை. வெட்டுத் தகைப்பு உண்மையிலும் 47 வீதம் குறைவாக வந்தது. எவரும் "இந்த எண் நம்பக்கூடியதா?" என்று கேட்கவில்லை. பிறகு கவனமாகத் திரும்பச் செய்த கணக்கு, 62 மீற்றர் ஆழத்தில் உடையும் என்று சொன்னது. உண்மையில் உடைந்தது 65 மீற்றரில். கணினி அன்றும் இன்றும் ஒரே கணினிதான். கேட்ட விதம்தான் வேறு.

நோர்வேயின் பெரிய பெரிய எஞ்சினியர்மாருக்கே இது நடந்தது. சோதிக்க ஆளும் இல்லாமல், புலம்பெயர்ந்த காசில் இரண்டாம் மாடி எழும்புகிற எங்கள் ஒழுங்கைகளில் நடக்காதா?

---

இனி யாரோடு எனக்குக் கோபம் என்று சொல்கிறேன்.

ஒன்று, சான்றிதழ் விற்கிறவர்கள். "ஒரு மாதத்தில் பிளானிங் எஞ்சினியர்", "வேலை உத்தரவாதம்" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள். இலவச வீடியோவில் இருக்கிற அதே கிளிக்குகளைக் குளிரூட்டிய அறையில் வைத்து, தாய்மாரின் நகையை அடைவு வைத்த காசுக்கு விற்கிறார்கள். பெற்றோரே, காசு கட்ட முதல் ஒரே கேள்வி கேளுங்கள்: "லப்டொப் திறக்காமல் எத்தனை மணித்தியாலம் படிப்பிப்பீர்கள்?" பதில் பூச்சியம் என்றால் எழும்பி வாருங்கள்.

இரண்டு, "இதெல்லாம் தமிழில் முடியாது" என்கிறவர்கள். இவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதுதான் வெட்கம். மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1864 இலிருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். பிரேதத்தை வெட்டிப் பார்ப்பதும் சத்திரசிகிச்சையும் இரசாயனமும் தமிழில் நடந்தன. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடமிருந்து வந்தார்கள். இரசாயனத்துக்கு நல்ல தமிழ்ச் சொல் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. "கெமிஸ்தம்" என்று பெயர் வைத்துப் புத்தகத்தையே அச்சடித்துவிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் வெளியில் இருந்து வந்த ஒருவர் எங்கள் மொழியைப் படித்து எங்கள் பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை சொல்லித்தந்தார். இன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்கு ஃபுளோட்டை விளங்கப்படுத்தத் தமிழ் காணாதாம். நான் அன்று "இளக்கம்" என்று சொன்னேன். மேசன்மார் தினமும் சொல்கிற சொல். அவனுக்கு விளங்கியது.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும். விளங்கினதை ஆங்கிலத்தில் சொல்லப் பழகலாம். விளங்காததை எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

மூன்று, சிரித்துக்கொண்டு போகிற எஞ்சினியர்மார். வெளிநாட்டில் பெரிய திட்டங்களில் வேலை செய்கிற எத்தனை பேர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்! விடுமுறைக்கு வந்தால் "இப்பத்தைப் பெடியளுக்கு அடிப்படை தெரியாது" என்கிறீர்கள். உண்மை. நீங்கள் தெரிந்தவர்கள்தானே? அரை மணித்தியாலம் ஒரு வெள்ளைப் பலகை முன்னால் நின்று, உங்கள் தொலைபேசியில் தமிழில் பதிந்து போட்டால் என்ன குறைந்துவிடும்? நல்ல வீடியோ இல்லாத இடத்தில்தான் கெட்ட வீடியோ ஆசிரியராகிறது.

நான்கு, நாங்கள். ஆசிரியர்மார். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்து எத்தனை வருடம்! கூட்டலும் கழித்தலும் எதற்கு சேர் என்று கேட்ட பிள்ளைக்கு இந்த அறை கட்டும் கணக்கை ஒரு பாடவேளையில் காட்டியிருக்கலாம். நானும் காட்டவில்லை. அவன் எட்டு மாதம் நித்திரை முழித்த பிறகுதான் காட்டினேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

---

பிள்ளைகளே, வீடியோவை விடாதீர்கள். ஒழுங்கை மாற்றுங்கள்.

முதலில் கடதாசி. ஏழு வேலை, பத்து வேலை உள்ள சின்னக் கணக்கைக் கையால் செய்யுங்கள். பிறகு அதையே மென்பொருளில் ஏற்றி எஃப்9 அழுத்துங்கள். இரண்டு விடையும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் ஏன் என்று தேடுங்கள். அந்தத் தேடல்தான் படிப்பு. வீடியோவில் அவர் ஒரு எண்ணைப் போட்டால் நிறுத்துங்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அடுத்த நிமிடத்துக்குப் போகாதீர்கள்.

அவன் இப்போது இன்னொரு இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான். முடிவு வரவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் இனி யாரும் அவனை அந்தக் கேள்வியில் சிரிக்க முடியாது.

இன்ஷா அல்லாஹ், வருகிற சனிக்கிழமையிலிருந்து அஸருக்குப் பிறகு என் வீட்டு விறாந்தையில் ஆறு கிழமைக்கு இதைச் சொல்லித்தரப் போகிறேன். காசு இல்லை. எந்தப் பாடசாலை, எந்தச் சமயம், ஆணா பெண்ணா என்ற கேள்வியும் இல்லை. கொப்பி, பென்சில், அழிறப்பர் கொண்டு வாருங்கள். முதல் மூன்று கிழமைக்கு லப்டொப் கொண்டு வர வேண்டாம். விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.

வர முடியாதவர்களுக்கு வீட்டுவேலை. மேலே உள்ள அறை கட்டும் கணக்கில் மேசனுக்குச் சுகமில்லாமல் சுவர் 8 நாளுக்குப் பதில் 10 நாள் எடுக்கிறது. வீடு எத்தனை நாளில் முடியும்? பட்டறைக்காரரின் இரண்டு இளக்கமும் இப்போது எத்தனை நாள்?

பின்னூட்டத்தில் போடுங்கள். விடையை மட்டும் போட்டால் புள்ளி இல்லை. செய்கையோடு போடுங்கள்.